எங்கள் ஊருக்குப் பஸ் உண்டு

எங்கள் ஊர் ஆனேக்கலுக்கு அப்பால், கர்நாடகம் முடியும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடந்தது. ஊருக்குள் பஸ் வராது. நீலகிரி மரத் தோப்பு வழியாக முக்கால் மணி நேரம் நடந்து தார் ரோட்டுக்குப் போனால்தான் பஸ். ஆனால் வெளியாள் யார் கேட்டாலும், "பஸ் வாசல்லயே நிக்கும்" என்றுதான் சொல்வோம். பஸ் இல்லாத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான்? பெண் வீட்டார் வரும் நாளில் வேன் அமர்த்திக் கூட்டி வந்து, "இன்னைக்குன்னு பாத்து பஸ் ரிப்பேர்" என்று கூசாமல் புளுகுவோம். அந்த விஷயத்தில் மட்டும் ஊரே ஒற்றுமையாக இருந்தது. என் அம்மாவும் அப்படி ஏமாந்து வந்தவள்தான். அப்பாவோடு சண்டை வரும்போதெல்லாம் அந்தப் பஸ்ஸைத்தான் முதலில் இழுப்பாள்.

ஜனத்தொகைக் கணக்கு எடுத்த வருடம் நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். தங்கை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீடுகளை எண்ணி முடித்தபின் ஊர் விவரம் கேட்டு ஒருவர் பைக்கில் வந்தார். எத்தனை தலை, எத்தனை கிணறு, பள்ளிக்கூடம் எதுவரை என்று எழுதிக்கொண்டே வந்தவர், "பஸ் பர்த்ததா?" என்றார், பஸ் வருமா என்று கன்னடத்தில்.

அப்பா என்னைப் பார்த்தார். வந்தவர், எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் ஊர்க்காரர்.

"பர்த்ததே சார்" என்றார் அப்பா. அதோடு விட்டிருக்கலாம். நான்தான் முந்திக்கொண்டு, "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எனக்குக் கல்யாணமும் நடந்தது.

தங்கை முதல் வகுப்பில் பாஸானாள். ஆனேக்கலில் பியூசி, அதாவது பதினொன்றாம் வகுப்பு, சேர வேண்டும் என்றாள்.

"பஸ் வரட்டும், படி. வயசுப் பொண்ண தோப்பு வழியா அனுப்ப முடியாது" என்றார் அப்பா.

"நீ பஸ் வாங்கிக் குடு அண்ணா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள் என்னிடம். நானும் பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்தேன். ஊரில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, லீவு போட்டு, மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். கடைசியில் ஒரு குமாஸ்தா ஜனத்தொகைக் கணக்கில் எங்கள் ஊர்த் தாளைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"உங்க ஊருக்குத்தான் ரெண்டு வேளையும் பஸ் போகுதே. பஸ்ஸே இல்லாத ஊருங்க எத்தனையோ காத்துட்டிருக்கு. உங்களுக்கு இன்னொண்ணு கேக்குதா?"

அது பொய் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னது யார் என்று கேட்டால்? மனுவை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில், "பஸ் கிடையாதுன்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். தங்கை பத்தாம் வகுப்புப் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சில வருடம் கழித்து அவளுக்கு ஒரு இடம் வந்தது. "பஸ் வீட்டு வாசல்லயே நிக்கும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எங்கள் அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கேட்பது?

கல்யாணமான பிறகு அவளைப் பார்க்கப் போனேன். தார் ரோட்டில் இறங்கி ஒரு மணி நேரம் நடை. பேண்ட் முழங்கால் வரை செம்மண். தங்கை சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், என் காலைப் பார்த்தாள். கிளம்பும்போது ஊர்க்கோடி வரை வந்தாள்.

"கொழுந்தனுக்குப் பொண்ணு பாக்கறாங்க அண்ணா. உன்கிட்ட யாராச்சும் விசாரிச்சா, பஸ் வருதுன்னே சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே."

சரி என்று தலையாட்டிவிட்டுத் தார் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.