கிணற்றுக்குக் குரல் கொடுத்தேன்

கழக்கூட்டத்தில் எங்கள் வீட்டில், ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மூவரைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. பிள்ளைகளுக்குப் படக்கதை வாசிக்கும்போது மட்டும் கூச்சம் போய்விடும்.

அன்று வாசித்த கதையில், மோட்டார் வந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்காத கிணறு ஒன்று தனியாக அழும். நான் கிணறாகவே மாறி, "என்னோடு பேச யாருமே இல்லையா?" என்று அழுகிற குரலில் கேட்டேன். நாலு வயது தியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆன்ட்டி, கிணறு பாவம் அல்லே?" என்றாள் மலையாளம் கலந்த தமிழில்.

கதை மனதில் பதிந்துவிட்டது என்ற பெருமையோடு அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தால் தியாவைக் காணோம். பின்பக்கம் ஓடினேன். காலையில் சருகு எடுத்த பிறகு எங்கள் வீட்டுக் கிணற்றின் மேல் வலையை மூட மறந்திருந்தேன். தியா ஸ்டூலில் ஏறி, கைப்பிடிச் சுவரில் வயிறு பதியக் குனிந்திருந்தாள்.

"அழண்டா கேட்டோ, அழாதே! நான் வந்துட்டேன்!"

உள்ளிருந்து எதிரொலி வந்தது. அவள் இன்னும் குனிந்தாள்.

கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு அருகே போய் இடுப்போடு தூக்கினேன். "ஆன்ட்டி, அது என்னோட பேசிச்சு!" என்றாள் சந்தோஷமாக. சாயங்காலம் அவள் அம்மாவிடம் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வலையை அன்றே கம்பியால் இறுக்கிக் கட்டினோம். மரமும் மேகமும் பேசும் கதைகளை இப்போதும் வாசிக்கிறேன். ஆனால் புத்தகத்தை மூடியதும், "இதுல பேசினது யாரு?" என்று கேட்காமல் விடுவதில்லை. முதலில் "கிணறு" என்று சாதித்த தியா, இப்போது எல்லோரையும் முந்திக்கொண்டு சொல்கிறாள்: "ஆன்ட்டிதான், கள்ளி!"