பண்டிகை நாளில் வீட்டில் இல்லாத அக்கா

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுதச் சொல்லிப் பல மாதங்களாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எழுத வரவில்லை. உடம்பிலும் மனதிலும் ஒரு சோர்வு. அக்கா இருந்தால், "ரெண்டு வரி எழுதிட்டுப் போய் உன் வேலையப் பாருடி" என்றிருப்பார்.

அக்கா பிறந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். குடியிருப்பில் எல்லோருக்கும் எங்கோ தொலைவில் ஒரு சொந்த ஊர் உண்டு. தீபாவளி வந்தால் வரிசை வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஊருக்குப் போக வசதி இல்லாத நாங்கள் மட்டும் இருப்போம். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த தீபாவளியில், எதிர்வீட்டு அம்மாள் தயங்கித் தயங்கி வந்து, "நாங்க வர்ற வரைக்கும் செடிக்குத் தண்ணி ஊத்துவியாம்மா?" என்று கேட்டார். அடுத்த ஆண்டு எங்கள் வீட்டு ஆணியில் பல வீட்டுச் சாவிகள் தொங்கின. கோழிக்கு இரை போடுவது, தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, ஊரிலிருந்து திரும்புகிறவர்களுக்குக் காலையில் பால் வாங்கி வைப்பது எல்லாம் அக்காதான். ஒரு வீட்டு மீன்தொட்டியில் இரை அதிகம் போட்டு இரண்டு மீன்களைச் சாகவும் விட்டார். அவர்கள் ரயிலைவிட்டு இறங்கி வந்ததும் முதல் ஆளாகப் போய் அதையும் சொன்னார்.

திருமணமாகி அக்கா அம்பத்தூர் மேனாம்பேட்டுக்குப் போனார். அத்தான் நல்லவர். மாரடைப்பு அவரைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. குழந்தைகள் இல்லை. தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் நிறுவனம் ஒன்றில், தைத்த துணிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு அக்கா சேர்ந்தார். பகல் முழுவதும் நின்றபடி செய்ய வேண்டிய வேலை. கிறிஸ்துமஸ் வந்தால் உடன் வேலை செய்த கிறிஸ்தவப் பெண்ணின் முறையையும் சேர்த்து இவரே பார்ப்பார். கால் வீங்கி வீட்டுக்கு வந்து, சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பார். அவர் முகம் மலர்ந்து சேவை செய்தார் என்று எழுதினால் அது பொய். அலுத்துக்கொண்டேதான் செய்தார்.

கவிதாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அக்கா குடியிருந்த அடுக்ககத்தில் மேல்தளத்துப் பெண். கரூர்க்காரி. கணவர் கம்பெனி வேலையாக வெளிநாட்டில். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தீபாவளிக்கு முன்பு, கரூரில் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு மிகவும் மோசம் என்று செய்தி வந்தது. மாமியாரை விட்டுப் போக வழியில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். வேலை முடிந்து படியேறி வந்த அக்கா பார்த்துவிட்டார்.

"நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

"வேண்டாங்க்கா. உங்களுக்கும் பண்டிகைங்களே."

"எனக்கென்ன பண்டிகை. சாவியக் குடு."

அந்தத் தீபாவளிக்கு அக்கா அண்ணனூரில் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. காலையில் போன் வந்தது. "கொஞ்சம் வரியாடி? என்னால தனியாத் தூக்க முடியல." நான் புதுப்புடவையோடு போய் இறங்கினேன். கவிதாவின் மாமியார், "கவிதா எங்க, கவிதா எங்க" என்று குழறிக்கொண்டே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் நடுங்கினார். நாங்கள் இருவரும் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்றினோம். பிறகு அக்கா ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தம் இரு கைகளாலும் அவர் காதுகளைப் பொத்திக்கொண்டார். வெடிச்சத்தம் ஓயும்வரை அப்படியே இருந்தார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்து ஒரு இட்லி வாங்கிக்கொண்டார்.

கரூரில் கவிதா தன் அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டு வந்தாள். கார்த்திகை தீபத்துக்கு முன்பே அந்த அம்மா இறந்துபோனார். "அன்னிக்குப் போகாம இருந்திருந்தா எங்கம்மா முகத்த உசுரோட பாத்திருக்கவே மாட்டேனுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு அக்காவின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. வேலையை விட்டார். எங்களோடு வந்து தங்கினார். வாரந்தோறும் டயாலிசிஸ். தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் சேகர்தான் அழைத்துப் போவார். அங்கே பண்டிகை என்று விடுமுறை கிடையாது. கடைசித் தீபாவளி அவருடைய முறைநாளில் வந்தது. அக்காவுக்குக் காலை நேரம். பூந்தமல்லியிலிருந்து வரும் இளம்பெண் ஒருத்திக்கு மத்தியானம். அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செவிலியரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார் அக்கா.

சேகருக்கே பொறுக்கவில்லை. "இன்னாக்கா இது? காலைலயே முடிச்சினு வந்தா ஊட்ல படுத்துகினு இருக்கலாம்ல?"

"நம்ம வீட்ல பட்டாசு கேட்டு அழ யாருப்பா இருக்கா?"

"சரி, நீ உள்ள போ. நான் இங்கயேதான் கீறேன்."

அன்று சிகிச்சை நடுவில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கால்கள் இரண்டும் இழுத்துக்கொண்டன. நான் பாதங்களைப் பிடித்துவிட்டபடி, "போதுமா உன் தர்மம்?" என்று கேட்டேன். அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"தர்மமெல்லாம் இல்லடி. கையில காசில்ல, ஒடம்புல தெம்பில்ல. நேரம் மட்டும்தான் கெடக்கு. அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மாலையில் அந்தப் பெண் தன் குழந்தைகள் மத்தாப்பு கொளுத்துவதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அக்கா ஒருமுறை பார்த்தார். "பெரியவனுக்குப் பல்லு விழுந்திருக்கு" என்றார். சத்தத்தில் தலை வலிக்கிறது, நிறுத்திவிடு என்றார்.

மார்கழியில் கிருமித்தொற்று வந்தது. மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. போகியன்று காலை அக்கா காலமானார். ஊரே பொங்கலுக்காகச் சொந்த ஊருக்குக் கிளம்பிப் போயிருந்த நேரம். தூக்குவதற்கு ஆள் கிடைக்குமா என்று என் கணவர் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் வந்தது. சேகர் தம் ஆட்டோ நிறுத்தத்து நண்பர்களோடு வந்து நின்றார். "அண்ணாத்தே, நீ உள்ள போய் அக்காகிட்ட உக்காரு. வெளிய ஆவ வேண்டியத நாங்க பாத்துக்கறோம்" என்று என் கணவரிடம் சொன்னார். ஊருக்குப் போய்க்கொண்டிருந்த கவிதா விழுப்புரத்தில் பேருந்திலிருந்து இறங்கித் திரும்பி வந்தாள். எங்கள் தெருவில் கோலமும் பாட்டும் இல்லை. மறுநாள் பொங்கலன்று காலையில்தான் எடுக்க முடிந்தது. அக்காவை எடுத்துச் சென்ற பிறகுதான் தெருவில் ஊருக்குப் போகாமல் இருந்த எல்லா வீடுகளிலும் பொங்கல் பானை அடுப்பில் ஏறியது. வீட்டுக் குழந்தைகளைப் பசியோடு காக்கவைத்த அந்தத் தாய்மார்களுக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று தெரியவில்லை. டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், தொலைவிலிருந்து அழுத உறவினர்களுக்கும், இன்று வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி.

அக்காவின் பெயரால் என்ன செய்யலாம் என்று சிலர் கேட்டார்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். பண்டிகை வரும்போது, உங்கள் பக்கத்து வீட்டில் எங்கும் போக முடியாமல் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். முடிந்தால் சிறிது நேரம் அவர்கள் இடத்தில் நீங்கள் இருங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை. எனக்கே இந்த ஆண்டு முடியவில்லை.

இதுவரை 'அவர்', 'இவர்' என்று மரியாதையாக எழுதிவிட்டேன். அக்கா, உன்னை நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாளைக்குப் பொங்கல்; எந்த வேலைக்கும் யாரும் உன்னைக் கூப்பிட வரமாட்டோம். நீ தூங்கு.

– தங்கை
அண்ணனூர்