டயருக்காக ஓடும் கார்

சுங்கைப் பட்டாணி டயர் கடையில் மலிவான டயர் இரண்டு வருஷம் வரும், விலை கூடியது ஐந்து வருஷம் வரும் என்றார்கள். நான் கெட்டிக்காரன் அல்லவா, விலை கூடியதையே போட்டேன். அடுத்த மாதமே கியர்பாக்ஸ் போனது.

"இந்தப் பழைய காரைத் தள்ளிவிடுங்களேன்" என்றாள் மனைவி.

"புது டயரோட எவனுக்கோ தூக்கிக் கொடுக்கவா?" என்று கத்திவிட்டு கியர்பாக்ஸை மாற்றினேன். பிறகு ஏர்கோன், ரேடியேட்டர், கடைசியில் எஞ்சினே மாறியது. எல்லாம் அந்த டயர் வீணாகக் கூடாதே என்றுதான்.

இப்போது டயர் தேய்ந்துவிட்டது. ஆனால் புது எஞ்சினை எப்படி விற்பது? மறுபடியும் அதே கடைக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, இருக்கிறதுலயே சீக்கிரம் தேயிற டயர் எது? அதையே போடுங்க லா!"