மூன்றாவது சுற்றில் கத்திரி

கத்திரியை இடுப்பில் செருகியபடி மரத்தை மூன்று முறை சுற்றுவார். முதல் சுற்றில் தரையைப் பார்ப்பார். இரண்டாவதில் அடிமரத்தை. மூன்றாவதில்தான் தலை நிமிரும். அதுவரை யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. பிறகு மெல்ல ஒரு 'ம்'. கை இடுப்புக்குப் போகும். தோட்டத்தில் எல்லோருக்கும் இவர் கத்திரியக்கா. இருபது வயது மூத்தவனான நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தில் இன்று நானூறு கொய்யா மரங்கள் நிற்கின்றன என்றால் அது இந்த இரண்டு கைகள் செய்த வேலை. ஆளை எடைபோடுவதில் நான் ஒருநாளும் தப்பியதில்லை. கிளை வெட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். எதை விட்டுவைப்பது என்று இவர் அளவுக்குத் தெரிந்தவரை நான் பார்க்கவில்லை.

ஒரு மரம் முடிந்ததும் சீசாவிலிருந்து ஸ்பிரிட் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கத்திரியைத் தேய்ப்பார். ஒரு மரத்து நோய் அடுத்ததுக்குப் போகக் கூடாதாம். கிளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார். உள்நோக்கி வளர்ந்து மற்றதையெல்லாம் இருட்டில் தள்ளுவது 'மாமியார்'. நெட்டுக்குத்தலாக நிற்கும் வெறுங்கிளை 'துரை'.

"நல்லா நிமிந்து நிப்பாரு, நேரத்துக்குச் சாப்பிடுவாரு, ஒரு காய் காய்க்கமாட்டாரு" என்று ஒருநாள் வெட்டிப் போட்டார். பக்கத்தில் நின்றிருந்த என் மருமகன் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிட்டான்.

இவர் வீட்டுக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். ஒரே அறை. கட்டில், அலமாரி, ஆணியில் தொங்கும் கத்திரி. அதற்கு மேல் மகளின் பள்ளிக்கூடப் போட்டோ. "வேண்டாததுன்னு எதையும் வச்சுக்கமாட்டாங்க. கொஞ்சம் அசந்தா என்னையும் வெட்டி விட்டுருவாங்க" என்றாள் மகள். "வளரணும்னா கொஞ்சம் வெட்டுப்படணும்டி" என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார் இவர்.

என் தோட்டத்து வாசலில் நிற்கிறதே, அதுதான் நான் வைத்த முதல் மரம். முப்பத்தொரு வயது. அதன்மேல் கத்திரி பட நான் விட்டதே இல்லை. வருகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுவும் கன்னாபின்னாவென்று வளர்ந்து, உச்சியில் மட்டும் எலுமிச்சை அளவில் காய்த்துக்கொண்டிருந்தது.

"நானூறு பிள்ளைங்களுக்கும் முடி வெட்டுறோம். மூத்தவனை மட்டும் சடையோட விட்டிருக்கீங்களே முதலாளி" என்று வருடாவருடம் குத்திக்காட்டுவார். இந்த ஆண்டு நுனிகள் காயத் தொடங்கின. இடுப்பு உயரத்துக்கு அறுத்துவிட வேண்டும் என்றார்.

"பட்டுப்போச்சுன்னா?"

"பட்டுப்போச்சுன்னா இந்தக் கத்திரியை உங்க கேட்லயே மாட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் இந்த வேலையே எனக்கு வேணாம்."

அந்தக் கத்திரியை வைத்துத்தான் மகளைப் படிக்க வைக்கிறார். எவ்வளவு பெரிய சொல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "சொன்ன சொல்லை மறந்துடாதே" என்றேன். என் வாய் அப்படி.

ரம்பத்தால் அறுத்தார். வெட்டுவாய் அழுகாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். ஒரு மாதம் அது வெறும் கட்டையாக நின்றது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். "கேட்ல ஆணி அடிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டும் பார்த்தேன். குனிந்து, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுவார். உள்ளே பச்சை தெரிந்ததும் போய்விடுவார். ஆனால் அந்த மாதம் பிரஷ்ஷால் தேய்த்த கத்திரியையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

நாற்பதாம் நாள் துளிர்த்தது. தெரிந்தவர்களிடமெல்லாம், வெட்டச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். நான் சொல்லாமல் யார் வெட்ட முடியும்?

போன வாரம் புதுக்கிளைகளில் ஏழு பிஞ்சுகள். இப்படி அறுத்த மரத்தில் முதல் காய்ப்பை இவர் விட்டுவைப்பதே கிடையாது. நானோ அதற்குள் மைத்துனனை வரச் சொல்லிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மச்சான் வர்றான். ரெண்டையாவது விடேன்."

"இந்த வருசம் அது தனக்குன்னு சாப்பிடட்டும் முதலாளி. காட்டிக்கிறதுக்கு அடுத்த வருசம் இருக்கு."

மூன்று முறை சுற்றினார். ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டார். ஆறு ஆயிற்று. எனக்கென்ன என்பதுபோல் கேட்டின் தாழ்ப்பாளை நான் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கண்ணில் தெரிந்தது: ஏழாவதன் மேல் விரலை வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து இலையை இழுத்து அந்தப் பிஞ்சை மூடிவிட்டு, அடுத்த மரத்தின் தரையைப் பார்க்கத் தொடங்கினார்.