வெர்னாவின் ஓட்டைத் தொட்டி

வெர்னா கூபிக் கொலாச்சி ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டேதான் பின்னக் கணக்கு நடத்துகிறாள். எழுத வேண்டி வந்தால், மாட்டு முதுகில் அடையாளம் போடும் சிவப்புச் சாயக்கட்டியால் குளிர்பெட்டிக் கதவில் கிறுக்குவாள். எதிரே பன்னிரண்டு வயது மகள் கெல்சி, சேற்று பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். மகள் சரியான விடை சொன்னாலும் வெர்னாவுக்குப் போதாது. "விடை கிடக்கட்டும், வந்த வழியைச் சொல்லுடி."

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேடுகளில் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்வது புதிதல்ல. ஆனால் வெர்னா கணக்குக்குப் பயந்து ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அதில்தான் நாத்தனார் மார்லிஸுக்கு இளக்காரம். மார்லிஸ் பள்ளி பஸ் ஓட்டுகிறாள். தினமும் காலையில் வாசல் கேட் அருகே நிறுத்தி ஹார்ன் அடிப்பாள்.

"அண்ணி! ஒரு சீட்டு காலியா வச்சிருக்கேன். உங்க சரக்கு தீந்ததும் பிள்ளைய ஏத்தி விடுங்க!"

"முதல்ல உன் பிரேக்கைப் பாருடி!"

வெர்னாவிடம் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. பதில் தெரியாவிட்டால் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கழுவி அடுக்கியதையே மறுபடி கழுவுவாள். சென்ற வசந்தத்தில், மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்று கெல்சி கேட்ட அன்று, அந்த வீட்டில் தட்டுகள் தேய்ந்துபோயின.

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் வெர்னா.

"வந்த வழிய சொல்லுன்னு என்னைக் கேப்பியே? இப்ப நீ சொல்லு. நாளைக்கு அத்தை வர்றதுக்குள்ள சொல்லலன்னா நான் பஸ்ல ஏறிடுவேன்."

கெல்சி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பாடம் நின்றாலும் மாடு நிற்காது.

மேய்ச்சல் நிலத்துத் தகரத் தொட்டி இரண்டு நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலையை நிறுத்திவிட்டு, தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க, காலை ஏழு மணிக்கு அவளே தண்ணீர் மட்டத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். இப்போது மணி பத்து. தண்ணீர் கோட்டுக்கு ஆறு அங்குலம் கீழே கிடந்தது. கணவன் லீலண்ட் தார் டப்பாவோடு மண்டியிட்டிருந்தான். வெர்னா அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்தாள்.

"டப்பாவைக் கீழ வைங்க. அடைக்காதீங்க."

"மாடு என்னத்தக் குடிக்கும்?"

"கொஞ்சம் பொறுக்கட்டும். கெல்சி! ஓடி வா!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள் மகள்.

"மணிக்கு எவ்வளவு இறங்குது?"

"ரெண்டு அங்குலம்."

"இறங்கினா என்ன குறி?"

"மைனஸ். மைனஸ் ரெண்டு."

"இன்னும் மூணு மணி நேரம் போனா?"

"ஆறு இறங்கும். மைனஸ் ஆறு. இதெல்லாம் தெரியும்மா."

"தெரியும்ல? இப்ப திரும்பி நட. மூணு மணி நேரத்துக்கு முன்னாடிக்குப் போ. அந்த மூணுக்கு என்ன குறி?"

"பின்னால போறோம்... அதுவும் மைனஸ்."

"அப்ப தண்ணி எங்க நின்னுச்சு?"

மகளின் விரல் தண்ணீரிலிருந்து ஈரத் தகரத்தில் ஏறி ஏறிப் போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"மேல. ஆறு அங்குலம் மேல." அப்புறம் ஒரு கூச்சல். "ப்ளஸ் ஆறும்மா! ப்ளஸ்!"

பக்கத்தில் நின்ற மாடுகள் மிரண்டு விலகின. லீலண்ட் டப்பாவைக் காட்டி, "இப்பவாவது அடைக்கலாமா?" என்றான்.

"அடைங்க. ஓட்டை தன் வேலைய முடிச்சிருச்சு."

மறுநாள் காலை ஹார்ன் அடித்தது. "அண்ணி! சீட்டு காலிதான்!"

கெல்சி மேசையை விட்டு எழவில்லை. பென்சிலைக்கூட நிறுத்தவில்லை. வெர்னா சூடான கொலாச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். ஜன்னல் வழியாக அதை நாத்தனார் கையில் திணித்தாள். பிறகு, போக மறுக்கும் பசுவின் விலாவில் தட்டுவது போல, அந்த மஞ்சள் பஸ்ஸின் பக்கவாட்டில் மாவுக் கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"ஏய், நட!"