ப்ரோவியின் அட்டையில் நான்கு பேர்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் தெருமுனைத் தேவாலயத்தின் வாசலில் ஒரு வரிசை நிற்கும். அதில் ஆள் ஒருவரும் இருக்கமாட்டார். வண்டிகள் மட்டுமே நிற்கும். மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிற, மடக்கி வைக்கக்கூடிய கம்பி வண்டிகள், சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக முப்பது இருக்கும். வண்டிக்காரர்கள் நாங்கள் எதிரே உள்ள துணி துவைக்கும் கடையில், உலர்த்தும் இயந்திரங்களின் வெப்பத்தில் உட்கார்ந்திருப்போம். பத்து மணிக்கு அடித்தளத்துக் கதவைத் திறந்து இலவச மளிகையைக் கொடுக்கத் தொடங்கும்போது எழுந்துபோய் அவரவர் வண்டிக்குப் பின்னால் நிற்போம். பூட்டிவைத்த சைக்கிளின் பூட்டு மட்டும் மிச்சமிருக்கிற தெரு இது. இருந்தும் வரிசையில் நிற்கும் வண்டியை இன்றுவரை யாரும் நகர்த்தியதில்லை. நியூயார்க்கின் இந்த பிராங்க்ஸ் பகுதியில் எழுதப்படாத சட்டங்களை மட்டும் எல்லோரும் மதிக்கிறோம்.

முதல் வண்டி அப்போதெல்லாம் ப்ரோவியுடையது. அதன் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துண்டைக் கிழித்துச் சுற்றியிருப்பாள். துண்டில் தங்க நூலால் ஒரு பெரிய ஹோட்டலின் முத்திரை. மன்ஹாட்டனில் அந்த ஹோட்டலின் சலவைக் கிடங்கில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றபோது ஹோட்டல் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தது. துண்டை அவளே எடுத்துக்கொண்டாள். கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது; துண்டு இன்னும் உழைக்கிறது.

முழுப் பெயர் ப்ரோவிடென்சியா. கடவுள் படியளப்பது என்று அதற்கு அர்த்தம். அப்படிப் பெயர் வைக்கப்பட்டவள் எழுபத்தொரு வயதில் இலவச மளிகைக்கு வரிசையில் முதலில் நிற்பதில் அவளுக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. படியளப்பவர் எங்கே, எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு அளக்கிறார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியது மனிதரின் பொறுப்பு என்பது அவள் கட்சி.

அவளுக்குத் தெரிந்திருந்தது. திங்களன்று, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் சபைக்காரர்களின் கூடம்: இறைச்சி கிடையாது, பருப்பு வகை நல்லது, இருபது நிமிடப் பிரசங்கம் கேட்க வேண்டும். செவ்வாயன்று மசூதி: கோழி உண்டு, ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள், வெங்காயம் இந்தப் பக்கத்திலேயே அதுதான் உசத்தி. புதனன்று பூங்கா வாசலில் லாரி. மழை பெய்தால் வராது, வராது என்று சொல்லவும் மாட்டார்கள். வியாழன் எங்கள் தேவாலயம். நகராட்சி இவற்றையெல்லாம் போனில் வரைபடமாகப் போட்டிருக்கிறது, பச்சைப் புள்ளிகளோடு. வரைபடம் கதவு இருக்கும் இடத்தைக் காட்டும். கதவுக்குப் பின்னால் என்ன மிச்சமிருக்கும் என்பதைக் காட்டாது. அதற்கு ப்ரோவி வேண்டும்.

வேலை போய் முதன்முறை வந்த ஒருவர் சலவைக் கடையில் அவளிடம் போனை நீட்டியது நினைவிருக்கிறது. வயதில் மூத்தவள் என்று எல்லோரும் அவளை ஸ்பானிஷ் மரியாதைச் சொல்லால் தோன்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"தோன்யா, பத்து மணிக்குத்தான் திறப்பாங்கன்னு இதுல போட்டிருக்கு. ஆறுக்கே வந்து என்ன பண்றீங்க?"

"திறக்கறது பத்துக்கு. கோழி தீர்றது பத்தரைக்கு. ரெண்டுல உனக்கு எது வேணும்னு பார்த்துக்க."

வேண்டாத டப்பாவை எங்கே மாற்றுவது, சர்க்கரைப் பாகில் போட்ட பேரிக்காயை ஏன் வாங்கவே கூடாது, அரசாங்க உணவு அட்டைக்கு மனுப் போடும்போது எந்த அலுவலகத்தில் காத்திருப்பு குறைவு, எல்லாம் சொல்வாள். ஒளித்து வைத்ததே இல்லை. தெரிந்ததைச் சொன்னால் தன் பங்கு குறையும் என்ற எளிய கணக்கு அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை.

தேவாலயத்தில் பதிவு செய்தபோது அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர். ப்ரோவி பிறந்தது போர்ட்டோ ரிக்கோத் தீவில், பொன்ஸே ஊரில். உன் பானையிலிருந்து எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் அங்கே இந்தக் கேள்வியால் கேட்பார்கள். அவள் யோசித்து, நான்கு என்றாள். அது உண்மை. மளிகை அட்டையில் எழுதிக்கொண்டவர்கள் ஒரே கூரைக்குக் கீழே நான்கு கட்டில் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டில் இருந்தது ஒரு கட்டிலும் ஒரு சோபாவும்.

உறவுமுறை கேட்டபோது அவளே முறை வைத்தாள். இரண்டாம் மாடியில் குடியிருந்த ஹோண்டுராஸ்காரப் பெண் சுயாபா, எந்தக் காகிதத்திலும் பெயர் எழுதப் பயப்படுகிறவள், மகள் ஆனாள். ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த மிஸ்டர் வெதர்ஸ்பூன் மைத்துனர் ஆனார். அவர் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்பானிஷில் இரண்டு வார்த்தை தெரியும், இரண்டும் வசவு. சர்க்கரை வியாதியில் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் கிறிஸ்துமஸுக்கு முன்பு நின்றது. அதிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து தினமும் மாலை ஆறரைக்கு ப்ரோவி ஒரு தட்டை அலுமினியத் தாளால் மூடி மேலே கொண்டுபோவாள். அந்த ஒரு தட்டுதான் அவருக்கு அன்றைய சாப்பாடு.

"மிஸ் ப்ரோவி, இன்னிக்கும் பீன்ஸா?"

"இந்த ஹோட்டல்ல மெனு கார்டு கிடையாது, மிஸ்டர். பிடிக்கலேன்னா மேனேஜர்கிட்ட புகார் கொடு."

"மேனேஜர் யாரு?"

"நான்தான். இன்னிக்கு லீவு."

நான்காவது ஆள் ஸோராய்தா. தங்கை என்று எழுதியிருந்தது. தங்கை இல்லை, கோமாத்ரே. பொன்ஸேயில் ப்ரோவியின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள். அப்படி ஏந்தியவளும் பெற்றவளும் ஒருவருக்கொருவர் கோமாத்ரே. கூடப்பிறந்தவளோடு சண்டை போட்டுப் பேசாமல் இருக்கலாம், கோமாத்ரேயோடு முடியாது. பெரும் புயலில் ஸோராய்தாவின் கூரை பறந்தபோது அவள் ஒரு பெட்டியோடு பிராங்க்ஸ் வந்து ப்ரோவியின் சோபாவில் பதினான்கு மாதம் படுத்தாள். பிறகு இரண்டு தெரு தள்ளித் தனியாக அறை கிடைத்தது. தேவாலயத்தில் அவளுக்கென்று ஓர் அட்டையும் கிடைத்தது. ஆனாலும் மாலைச் சாப்பாட்டுக்கு ப்ரோவி வீட்டுக்கே வந்துகொண்டிருந்ததால் ப்ரோவியின் அட்டையிலும் அவள் பெயர் இருந்தது. சாப்பிடுகிறாள், ஆகவே இருக்கிறாள்.

லிஃப்ட் நின்ற வருடம் இலையுதிர் காலத்தில் ஸோராய்தா தொண்டர் ஆனாள். நீல நிற ஏப்ரன், குளிரறையின் சாவி. வரிசையில் எட்டு வருடம் நின்றவள் மேஜைக்குப் பின்னால் போனதும், எங்களில் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டோம். மறு வியாழனே, எங்கள் வரிசைக்காரர் இப்போலித்தோவின் கையிலிருந்து கூடுதலாக வந்துவிட்ட ஒரு வெங்காயத்தைத் திரும்ப வாங்கி வைத்தாள்.

பிப்ரவரியில் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கிடங்கிலிருந்து வரும் சரக்கு குறைந்துவிட்டது. அடுத்த வாரம் எல்லா அட்டைகளும் சரிபார்க்கப்படும். சலவைக் கடையில் அன்று உலர்த்தும் இயந்திரங்களைவிட நாங்கள் அதிகச் சத்தம் போட்டோம். ப்ரோவி மட்டும் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கவலை இல்லையா, தோன்யா?" என்றார் இப்போலித்தோ.

"எனக்கென்ன? மேஜையில என் கோமாத்ரே இருக்கா."

"அவ என் வெங்காயத்தையே விடல."

"உனக்கு அவ கோமாத்ரே இல்லையே."

எல்லோரும் சிரித்தோம். இப்போலித்தோவும் சிரித்தார், கொஞ்சம் பொறாமையோடு.

அடுத்த வியாழன் ப்ரோவி முதலில் உள்ளே போனாள். அவளுக்கு அடுத்த வண்டி என்னுடையது, கதவு திறந்திருந்தது. மேஜையில் பாதிரியாருக்கு அடுத்த நிலை ஊழியரான டீக்கன் ஆன்செல்ம் அட்டைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மென்மையான மனிதர், ஒரு ஈயைத் துரத்தும்போதுகூட மன்னிப்புக் கேட்பார். பக்கத்தில் நீல ஏப்ரனில் ஸோராய்தா.

"வீட்ல நாலு பேர்னு இருக்கு, தோன்யா. இப்பவும் நாலுதானா?"

"நாலுதான்."

டீக்கன் ஸோராய்தாவின் பக்கம் திரும்பினார். ப்ரோவியும் திரும்பினாள், கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தவள் போல லேசாகச் சிரித்துக்கொண்டு.

"ஒருத்தர்தான், டீக்கன்," என்றாள் ஸோராய்தா. "தனியாத்தான் இருக்கா. நான் பதினாலு மாசம் அங்க இருந்தவ, எனக்குத் தெரியும். மகளும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது, மைத்துனரும் கிடையாது."

ப்ரோவியின் சிரிப்பு உடனே போகவில்லை. போகவேண்டும் என்ற செய்தி அதற்கு வந்துசேரக் கொஞ்சம் நேரமானது.

"நேத்து சாயங்காலம் எங்க சாப்பிட்டே?" என்று கேட்டாள்.

"சாப்பிடறது வேற, குடியிருக்கறது வேற, கோமாத்ரே. நான் பொய் சொல்ல முடியுமா? இது கோயில்."

"இந்த அட்டையும் கோயில்லதான் எழுதினாங்க. தங்கச்சின்னு எழுதுன்னு அன்னிக்கு நீதான் என் காதுல சொன்னே."

ஸோராய்தா மேஜையிலிருந்த பேனாக்களை நேராக அடுக்கினாள்.

டீக்கனுக்கு வேர்த்தது. "மேல் மாடியில இருக்கறவர் அவரே வந்து பதிவு பண்ணிக்கலாமே, தோன்யா."

"அஞ்சு மாடி. லிஃப்ட் இல்ல. கால் முழுசா இல்ல."

"வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவர்ற திட்டம் ஒண்ணு இருக்கு. அதுல பேர் கொடுத்தா…"

"ஏழு மாசமா அந்த வரிசையில இருக்கார். அங்க வண்டி நிறுத்தி வைக்க இடமில்ல."

அவர் நாலை அடித்து ஒன்று என்று எழுதினார். எழுதிவிட்டு, அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஸோராய்தா மேல கோபப்படாதீங்க. போன வெள்ளிக்கிழமையே என்கிட்ட வந்து சொல்லிட்டா. மனசாட்சி உறுத்துதுன்னு அழுதா."

ப்ரோவி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வைத்தது அசோபாவோ, கோழியும் அரிசியும் போட்டுக் கஞ்சிப் பதத்தில் இறக்குவது. ஸோராய்தா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது, உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு பேர் அட்டைக்கு ஒரு முழுக்கோழி, முட்டை, இரண்டு பால், இரண்டு பை காய்கறி. ஒருவர் அட்டைக்கு அரிசி, பீன்ஸ், ஒரு டப்பா மீன், இரண்டு வெங்காயம். ப்ரோவி அதை வாங்கி வண்டியில் போட்டாள். வண்டி காலியாகவே இருப்பதுபோல உருண்டது. வெளியே வரிசை முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளிடம் வழி கேட்டு வயிறு நிறைந்தவர்கள் முப்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்குக் குறைந்த கோழி பின்னால் நிற்கும் யாரோ ஒருவருக்குப் போகும் என்பது எல்லோருக்கும் அந்த நேரத்திலேயே தெரிந்திருந்தது. எனக்குத்தான் போனது. நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஸோராய்தா வழக்கம்போல வந்து கதவைத் தட்டினாள். நான் அதே மாடி. என் கதவுக்கு எதிர்க்கதவு. ப்ரோவி சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள்.

"கோபமா இருக்கியா?"

ப்ரோவி சங்கிலியில் விரலை வைத்துக்கொண்டாள்.

"போன மாசம் ஒருத்தியை நிறுத்திட்டாங்க, தெரிஞ்சவங்களுக்கு அள்ளிக் கொடுத்தான்னு. அடுத்தது நான்னு பேசிக்கிட்டாங்க. ஏப்ரன் போச்சுன்னா திரும்ப அந்தக் குளிர்ல வண்டியோட நிக்கணும். என் முட்டி தாங்குமா சொல்லு."

"மனசாட்சின்னு டீக்கன் சொன்னார். முட்டின்னு சொல்லல."

"ரெண்டும்தான்." பையைத் தூக்கிக் காட்டினாள். "தொண்டர்களுக்குக் கொடுக்கற பை. கோழி இருக்கு. சேர்ந்து சமைச்சுச் சாப்பிடலாம்னு கொண்டுவந்தேன்."

கதவு இடுக்கில் கை நீட்டினாள் ப்ரோவி. கோழி நுழையவில்லை. இருவரும் இரண்டு விதமாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் போனது. ப்ரோவி சங்கிலியைக் கழற்றினாள், கோழியை வாங்கிக்கொண்டாள், சங்கிலியை மறுபடி மாட்டினாள்.

"அப்ப நான்?" என்றாள் ஸோராய்தா.

"இந்த வீட்ல ஒருத்தர்தான். நீதான் சொன்னே."

கதவு மூடியது. ஸோராய்தா படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருந்தாள். உள்ளே பூண்டு வதங்கும் வாசனை வந்ததும் எழுந்து போய்விட்டாள்.

அன்று தட்டு ஏழரைக்குத்தான் மேலே போனது. அது பிறகு வெதர்ஸ்பூனே எனக்குச் சொன்னது. தாளைத் திறந்தவர், பீன்ஸை எதிர்பார்த்தவர், கோழித் தொடையைப் பார்த்துத் தலையைத் தூக்கினாராம்.

"கோழி வந்திருக்கு. யாரு செத்தாங்க, மிஸ் ப்ரோவி?"

"என் தங்கச்சி."

அவளுக்குத் தங்கை கிடையாது என்று அவருக்குத் தெரியும். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வரிசைக்கு வரவில்லை. ஸோராய்தா இன்னும் மேஜையில் இருக்கிறாள். வெங்காயத்தை இன்னும் எண்ணுகிறாள். ஆனாலும் ஆறரைக்கு ஒரு தட்டு மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போகிறது. சுயாபாவின் கதவும் ஒரு முறை திறந்து மூடுகிறது. ஆக எங்கிருந்தோ வருகிறது. ஒரு நாள் மாடிப்படியில் பார்த்தபோது, வியாழக்கிழமை இப்போது எங்கே போகிறாய் என்று கேட்டேன். என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அதுல வரைபடம் இருக்குல்ல, பாரு."

பார்த்தேன். ஒரு சனிக்கிழமை ஒரு பச்சைப் புள்ளியை நம்பிப் பதினெட்டுத் தெரு நடந்து போனேன். அங்கே இப்போது நகம் அழகுபடுத்தும் கடை இருக்கிறது.

போன வியாழன் விடியும்போது சலவைக் கடைக் கண்ணாடி வழியாக அந்தத் துண்டு சுற்றிய வண்டி கிழக்கே திரும்புவதைப் பார்த்தேன். எழுந்து பின்னாலேயே போயிருக்கலாம். என் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது, யாரும் தொடப்போவதில்லை. வண்டி நின்றால் ஆள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் எங்கள் சட்டம். இருந்தும் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.