தொட்டியில் இறங்காத அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சபையாருக்கும் மகளின் அன்பான ஸ்தோத்திரம். அம்மாவைப் பற்றி எழுதினால் எங்கள் பாப்டிஸ்ட் சபையைப் பற்றியும் அதன் போதகர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அந்தச் சபையோடுதான் அம்மா வாழ்ந்தார். ஆனால் கடைசிவரை அதன் உறுப்பினராக இல்லை.

அம்மா பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம், வெங்காயம் போட்ட ஒரு விவசாயக் குடும்பத்தில். கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா வேறொரு சபையின் கோயிலுக்குத் தூக்கிப் போய், தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். அடுத்த வருடமே தாத்தா இறந்துபோனார். அம்மாவுக்கு அவர் முகம்கூட நினைவில்லை.

எங்கள் சபையை முதல் போதகர் திண்டுக்கல்லில் ஒரு வாடகை அறையில் தொடங்கினார். விவரம் தெரிந்து விசுவாசிப்பவர்களைத் தண்ணீரில் முழுக்கிக் கொடுப்பதுதான் ஞானஸ்நானம் என்பது சபையின் கொள்கை. குழந்தையில் தெளித்தது செல்லாது; முழுகியவர்கள்தான் உறுப்பினர். அப்போதெல்லாம் வத்தலக்குண்டு சாலையில் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில்தான் முழுக்குவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா அந்தக் கிணற்றில் இறங்கினார். அம்மா மேலே துண்டோடு நின்றார்.

முதல் போதகருக்கு வயதானதும் சபை அப்பாவை இரண்டாவது போதகராக அழைத்தது. மனைவியும் முழுக வேண்டும் என்று சபைப் பெரியவர்கள் கேட்டார்கள். “மனசில்லாத ஆளத் தண்ணிக்குள்ள எறக்கினா அது குளிப்பு, ஞானஸ்நானம் இல்ல” என்றார் அப்பா. பெரியவர்கள் அப்படியே அவரைப் போதகராக ஏற்றுக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் நானே அம்மாவிடம் கேட்டேன். “எங்கப்பா எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான் கண்ணு. அது செல்லாதுன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றார்.

அப்பா காலத்தில்தான் சொந்தக் கட்டடமும், பிரசங்க மேடைப் பலகைகளுக்குக் கீழே ஞானஸ்நானத் தொட்டியும் வந்தன. தொட்டியைத் தேய்த்துக் கழுவியது, லாரித் தண்ணீர் பிடித்து நிரப்பியது, முழுகி வந்த பெண்களுக்குச் சேலை மாற்றிவிட்டது எல்லாம் அம்மா. திருவிருந்து அன்று மட்டும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். அப்பமும் திராட்சை ரசமும் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். தட்டை வாங்கி, எடுக்காமல், அடுத்தவரிடம் கொடுப்பார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

அப்பா இறந்ததும் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். போதகர் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, அம்மா அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருந்தார். நான் வேலைக்காகக் கோவையில் இருந்தேன். தனியாக இருக்கிறேன் என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. ஆனால் போன் பேசினால் வைக்கவே மாட்டார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, அப்பா பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்பது. அந்தத் தோட்டமோ உறுப்பினர்களுக்கு மட்டும். மூன்றாவது போதகர் வீடு தேடி வந்து, “செத்த நேரம் தொட்டியில எறங்கி ஏறிட்டா எல்லாம் சரியாயிரும்மா” என்று சொல்லிப் பார்த்தார். “எடத்துக்காக எறங்கினா அது பொய்யாயிருமுங்க” என்றார் அம்மா. இப்போதைய போதகர் இளையவர், நல்லவர். “நான் மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா, சபை கூடித்தான் சொல்லணும்” என்றார். எங்கள் சபைக்கு மேலே பேராயர் யாரும் கிடையாது. கூடி இருப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும்.

அம்மா கண்ணை மூடிய மறுநாள் காலையில் சபை கூடியது. சம்மதம் உள்ளவர்களைக் கை தூக்கச் சொன்னார் போதகர். நான் தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன். அங்கங்கே சில கைகள், அவ்வளவுதான். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டபோது ஒரு கைகூட எழவில்லை. அம்மா சேலை மாற்றிவிட்ட பெண்கள் குனிந்து அழுதுகொண்டிருந்தார்கள். அம்மாவை ஊர்ப் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

எனக்குக் கோபம் உண்டு. நினைவு மலர் என்பதற்காக அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. ஆனாலும் நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணையிருந்த சகோதரிகளுக்கு நன்றி. அன்று கை தூக்கியவர்களுக்கு நன்றி. தூக்காதவர்களும் வெயிலில் பெட்டிக்குப் பின்னால் கடைசிவரை நடந்து வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

நான் சபை உறுப்பினர். அப்பா பக்கத்தில் காலியாக இருக்கும் இடம் முறைப்படி எனக்குக் கிடைக்கும். வேண்டாம் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். அப்பாவைச் சுற்றிச் சபையே படுத்திருக்கிறது. அம்மா இருக்கும் இடத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை.